ரோலண்ட் கண்ட நேர்முகம்

விஸ்கான்சினில் ஒரு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுத்துவந்தார் ரோலண்ட் ஹாவ்லிக். மாணவர் சேர்க்கைக் குழுவில் பழம் பெருச்சாளி. யாரையும் அரை மணி நேரத்தில் எடைபோட்டுவிடுவதாக அவருக்கு நினைப்பு. "பொணத்தோடயே காலம் தள்ளினவன் நான். உயிரோட இருக்கறவங்க எனக்கு எம்மாத்திரம்?" என்பார்.

அந்த நவம்பரில் டானிகா ரெய்ன்ஹார்ட் என்ற பெண்ணை நேர்முகம் கண்டார். அறையைவிட்டு வரும்போது மனசு நிறைந்திருந்தது. இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! முழு மதிப்பெண் போட்டு, 'பேச்சுத்திறன் அபாரம்' என்றும் எழுதினார்.

குழு கூடியது. நேர்முகம் கண்டவர்தான் அந்த மாணவருக்காக வாதாட வேண்டும், பிறகு வாக்கெடுப்பு. டானிகாவின் இயற்பியல் மதிப்பெண் கொஞ்சம் இடித்தது.

"சரி ரோலண்ட், ஏன் டாக்டராகணும்னு சொன்னா?" என்று கேட்டாள் குழுத் தலைவி மாரிபெத்.

ரோலண்ட் தன் குறிப்புத்தாளைப் புரட்டினார். 'பேச்சுத்திறன் அபாரம்' என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

"எந்த ஊர்ப் பொண்ணு? அதாவது தெரியுமா?"

ஞாபகத்தில் இருந்ததெல்லாம் அவரே அவளிடம் சொன்ன தன் மூக்கு ஆபரேஷனும், உறைந்த ஏரியில் மீன்பிடிக்கப் போய் ஜீப்பை மூழ்கடித்த கதையும்தான்.

"நான்தான் பேசினேன் போல, அந்த ஜீப் கதைய. அவ தலையாட்டினா. ரொம்ப நல்லா ஆட்டினா."

மேசை குலுங்கச் சிரித்தார்கள். "ஜீப் கதைய முழுசாக் கேட்டாளா? அதுக்கே சீட்டு குடுத்துடலாம்!" என்றாள் மாரிபெத்.

ரோலண்டும் சிரித்தார். சிரித்து முடித்ததும், "இத்தனை வருஷமா நான் சேத்துவிட்டது டாக்டருங்களையா, என் ரசிகருங்களையா?" என்றார். குறுக்கே பேசியவர்களையெல்லாம் என்ன செய்தோம் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. தான் போட்ட மதிப்பெண்ணைத் தானே திரும்பப் பெற்று, மறு நேர்முகம் கேட்டார்.

"வாயில எதையாவது போட்டுக்கிட்டுப் போ," என்றாள் மாரிபெத்.

ஒரு மிட்டாயைப் போட்டுக்கொண்டுதான் போனார். "போன தடவை உன்னை ஏதாவது கேட்டேனாம்மா?"

"ஒண்ணு கேட்டீங்க, டாக்டர். ஜீப் எவ்ளோ ஆழத்துல கெடக்கும்னு."

"நீ என்ன சொன்னே?"

"சொல்றதுக்குள்ள நீங்களே சொல்லிட்டீங்க."

பிறகு அவள் பேசினாள். ஞாபகம் தப்பிய முதியவர்களின் இல்லம் ஒன்றில் வேலை பார்த்திருக்கிறாள். அங்கே ஓர் அம்மாள், புருஷன் எப்போது வருவார் என்று தினமும் கேட்பாளாம். "செத்துட்டார்னு உண்மையச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அப்பத்தான் கேள்விப்பட்ட மாதிரி அழுவாங்க. அப்புறம், அவர் எப்படி இருப்பார்னு கேக்க ஆரம்பிச்சேன். அது சரியா தப்பான்னு இன்னும் தெரியல. அந்த மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும், டாக்டர்."

மிட்டாய் எப்போதோ கரைந்துவிட்டிருந்தது. "அப்புறம்?" என்று மட்டும் கேட்டார் ரோலண்ட்.

குழுவில் அவள் சொன்னதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இரண்டு பேர் இயற்பியலைக் காட்டிக் கையை உயர்த்தவில்லை. ஆனாலும் இடம் கிடைத்துவிட்டது.

அடுத்த வருடம் தன்னோடு இன்னொருவரையும் உட்காரவைக்கும்படி அவரே கேட்டுக்கொண்டார். குழந்தைகள்நல டாக்டர் ஒருத்தி வந்தாள். அவர் கேள்வியைத் தாண்டிப் போனால் மேசைக்கடியில் காலை மிதிப்பாள். டிசம்பர் முழுக்க ரோலண்ட் நொண்டிக்கொண்டுதான் திரிந்தார்.