ஞானி காயவைத்த மக்காச்சோளம்

அக்கம்பக்கத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ஞானி. கூப்பிட்டவர்கள் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். அவர் மரியாதையாக எடுத்துக்கொண்டார். முப்பது வருடம் கிடங்குக் காவல் பார்த்து ஓய்வு பெற்றவர், ஆட்டைப் பற்றி ஆட்டுக்கே பாடம் எடுப்பார். ஆடுகளைக் குட்டியிலிருந்து புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது என்னவோ அவர் மனைவி.

மழையில் நனைந்த மக்காச்சோளம் மலிவாகக் கிடைத்தது. மணிகளில் இளஞ்சிவப்பாகப் பூஞ்சை. அவள் மூக்கைப் பொத்தினாள்.

"இதையா போடப்போறீங்க?"

"வெயில்ல காஞ்சா எல்லாம் சரியாப்போகும். உனக்கென்ன தெரியும்?"

காயவைத்து, தட்டி, அரைத்தார். மாவில் பூஞ்சை கண்ணுக்குத் தெரியவில்லை. ஆகவே இல்லையென்று முடிவானது.

கிடா சேர்க்குமுன் பெட்டைகள் தேறட்டும் என்று இருபத்திரண்டுக்கும் தினமும் அந்த மாவு. "நொண்டிக்கு எதுக்கு விருந்து?" என்று இருபத்துமூன்றாவதை மட்டும் விரட்டிவிட்டார். அது வேலியோரப் புல்லை மேய்ந்தது. மாவு தின்றவற்றுக்கு, ஒன்றரை நாளில் அடங்கவேண்டிய சினைப்பருவம் இம்முறை மூன்று நாள் நீண்டது.

"பார்த்தியா, என் தீவனத்தோட பவுசை!" என்று மீசையை முறுக்கினார்.

கிடா சேர்த்து இரண்டு மாதம் கழித்துக் கால்நடை டாக்டரம்மா வந்து ஸ்கேன் பார்த்தார். இருபத்திரண்டில் பத்தொன்பது வெறும் வயிறு. நொண்டிக்கு இரட்டை.

"பூஞ்சையைத்தான் வெயில் கொன்னுது. அது விட்டுட்டுப்போன நஞ்சு மாவுல அப்படியே இருக்கு. பெண் ஹார்மோன் மாதிரி வேஷம் போட்டுக் கருவைக் கெடுக்கும். பருவம் நீண்டதும் அதனாலதான். மாவை நிறுத்துங்க, தேறிடும்."

ஞானிக்கு அது ஏறவில்லை. தப்பு தன்னுடையதாக இருக்கமுடியாதே! ஆடுகள்தான் மலடு என்று தீர்ப்பெழுதி, மறுநாளே கசாப்புக்காரரை வரச்சொன்னார்.

வண்டியின் பின்கதவு திறந்தது. முதல் ஆட்டின் கழுத்தில் கயிறு விழுந்ததும், அவள் ஒரு கிண்ணம் மாவோடு வந்து நின்றாள்.

"ஏங்க, இதுல ரெண்டு ரொட்டி சுட்டுத் தரேன். தின்னுட்டு ஏத்துங்க."

"நான் மனுஷன்டி, ஆடு இல்ல!"

"தெரியுது. ஆடா இருந்தா இவ்வளவு பேசாது."

"சாப்பிடுங்கண்ணே, நான் காத்திருக்கேன்," என்றார் கசாப்புக்காரர்.

ஞானி கிண்ணத்தைப் பார்த்தார். பல்வலி என்றார்.

கசாப்புக்காரர் சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார். "அக்கா, நான் கிளம்புறேன்."

அவள் மாவு மூட்டையைத் தரதரவென்று கொல்லைக்கு இழுத்துப்போனாள். ஞானி ஒரு முனையைக்கூடப் பிடிக்கவில்லை. பின்னாலேயே போய், குழியை எந்தப் பக்கம் வெட்டவேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.