கனத்ததைக் கொட்டிய மதினி

பெர்த் நகரத்தில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில், மண்ணைப் பார்க்கப் போகுமுன் காலிலிருக்கும் மண்ணைக் கொடுத்துவிட வேண்டும். வாசலில் பசை தடவிய மிதியடி. அது செருப்பைப் பிடித்திழுக்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. உள்ளே நாள் முழுக்க எனக்கு மணலோடுதான் குடித்தனம். ஓடை மணலில் சிர்கான் என்றொரு மணி கிடக்கும். மலை கரைந்தாலும் அது கரையாது. தன்னுள் இருக்கும் யுரேனியத்தைக் கொஞ்சங்கொஞ்சமாக ஈயமாக்கிக்கொண்டே கிடக்கும். எவ்வளவு மாறியது என்று பார்த்தால், அது பிறந்த பாறையின் வயது தெரியும்.

போன விடுப்பில், நத்தம் சாலையில் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையில் ஒரு மூட்டை அள்ளினேன். ஊர் உலகத்து மண்ணுக்கெல்லாம் ஜாதகம் எழுதுகிறவனுக்குத் திண்டுக்கல் மண்ணின் வயது தெரியாதென்றால் எப்படி? சட்டியில் நீர் விட்டுச் சுழற்றினால் லேசான மணல் வழிந்தோடும். கனத்த கரிய மணலும் அதற்குள் சிர்கானும் அடியில் தங்கும். நான் போன் பேசப் போன நேரத்தில் அண்ணன் மனைவி, என் மதினி, சட்டியை வாங்கிக்கொண்டார். திரும்பி வந்தால் தாம்பாளத்தில் வெள்ளை மணல் பளபளக்கிறது.

"மதினி, அடியில கருப்பா கெடந்துச்சே?"

"கல்லா? ஓடையில கொட்டிட்டேன். அரிசி அரிக்கையில கல்லையா ஒலையில போடுவாக?"

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏலே, இவ கையில குடுத்தா மலையவே வடிச்சுக் கொட்டிருவா!"

காலிச் சட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அன்றிரவு விமானம். அடுத்த விடுப்பு எப்போதோ.

"அழுதுறாதீக கொழுந்தனாரே, ஓடை எங்க போயிருச்சு?" சேலையைச் செருகிக்கொண்டு மதினி தண்ணீரில் இறங்கினார். பின்னாலேயே அண்ணன், இன்னொரு சட்டியோடு. அரித்தோம், வழுக்கினோம், ஒருவர்மேல் ஒருவர் வாரி இறைத்தோம். "கனம் நிக்கணும், லேசு போகணும்" என்று மதினி தன் கைக்கே புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு டப்பா கரிய மணலும் மண் கொண்டுபோகும் அனுமதிக் காகிதமும் ஈரக் கால்சட்டையுமாக மதுரை விமான நிலையத்துக்கு ஓடினேன்.

இங்கே உடன் வேலை பார்க்கும் டெப்ரா நுண்ணோக்கியில் பார்த்து, "இத்தனை சுத்தமா! எந்தக் கருவி?" என்றாள்.

"அலுமினியச் சட்டி."

"எந்த மாடல்?"

"திண்டுக்கல் மாடல்." குறித்துக்கொண்டாள்.

வயது வந்தது. மூத்த மணிக்கு ஏறக்குறைய இருநூற்றைம்பது கோடி ஆண்டு! மீனே பிறக்காத காலத்து மண்ணில் டவுசரோடு உருண்டிருக்கிறேன். போனில் கத்தினேன்.

"அம்புட்டு வயசா! நான் மொதல்ல கொட்டுனதுல இதவிட மூத்தது இருந்திருக்கும், போங்க" என்றார் மதினி.

இருந்திருக்கும். அது அங்கேயே இருக்கட்டும்.

வந்தவற்றைத்தான் வயது பார்க்கப் பிசினில் பதித்துப் பாதிவரை தேய்த்திருந்தோம். அப்போதுதான் உள்ளே இருப்பது தெரியும். தேய்ந்த பாதி தூளாகித் தண்ணீரோடு போய்விட்டது, இந்துமாக்கடல் பக்கம். மிச்சப் பாதி என் மேசையில், பிசினுக்குள் அசைய முடியாமல், பெர்த் வெயிலில் கூத்தாடி மினுங்குகிறது.