டப்பாக் கிறீமும் பைக்கற் கிறீமும்

புடிங் செய்து விற்கிறவளின் மானம் முழுக்க அதற்கு மேலே போடுகிற வெள்ளைக் கிறீமில்தான் இருக்கிறது. இதை வாசிக்கிற உங்களில் யாராவது அந்தக் கிறீமை நம்பி ஓர்டர் எடுத்து, விருந்தாளி வாசலில் நிற்கும்போது அது தண்ணீராய் இறங்குவதைக் கண்டிருந்தால், நீங்கள் எனக்குச் சொந்தக்காரர்.

சண்டைக் காலத்தில் நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பிளட்டின் மூன்றாம் மாடியில் இருந்தோம். என் வீட்டுக்காரர் இவருக்குக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனியில் வேலை. காலையில் பஸ் ஏறிப் போனால், பின்னேரம் வந்து கதவைத் தட்டும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. எங்கேயோ வெடித்ததாம் என்று யாராவது சொன்னால் போதும், யன்னலுக்கும் கதவுக்குமாக நடக்கத் தொடங்கிவிடுவேன். கால் ஓய்ந்துபோய், கைக்காவது ஒரு வேலை இருக்கட்டும் என்றுதான் புடிங் செய்ய இறங்கினேன். சல்லி பிறகு வந்தது. நல்ல பெயரும் கெட்ட பெயரும் அதோடு சேர்ந்து வந்தன.

எட்டு அவுன்ஸ்

அப்போது ஊர்ப்பட்ட சனத்துக்கும் கனடாவிலிருந்து புடிங் குறிப்பு வரும். எல்லாவற்றிலும் கிறீம் ஒரு டப்பா என்று இருக்கும். அங்கே கிறீமை அடித்து, உறையவைத்து, டப்பாவில் போட்டே விற்கிறார்கள். இங்கே எங்களுக்குச் சுலபமாகக் கிடைத்தது பைக்கற்றில் தூள். குளிர்ந்த பால் விட்டு நாங்களே அடிக்கவேண்டும். நான் எல்லாருக்கும் சொல்லுகிற கணக்கு இதுதான்: டப்பாவில் மூன்று கப் கிறீம் இருக்கும், ஒரு பைக்கற்றை அரைக் கப் பாலில் அடித்தால் இரண்டு கப் வரும், ஆகவே டப்பா ஒன்றுக்கு ஒன்றரைப் பைக்கற். மிச்சத் தூளைப் பைக்கற்றோடு மடித்து, பால்மா ரின்னில் போட்டு இறுக்கி மூடவேண்டும். கடல்காற்றுப் பட்டால் கட்டிபட்டுவிடும்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு கணக்கு ரீச்சர் என்னிடம் புடிங் பழக வந்தார். டப்பாவில் எட்டு அவுன்ஸ் என்று போட்டிருப்பது அவருக்குத் தெரியும். என் கணக்கு அவருக்குத் திருப்தியில்லை. வீட்டுக்குப் போய், பைக்கற் பைக்கற்றாய் உடைத்து, தராசில் எட்டு அவுன்ஸ் தூளை நிறுத்து, அதற்கேற்ற பாலும் விட்டு அடித்திருக்கிறார். கிறீம் கோப்பையை விட்டு எழும்பிச் சட்டிக்கு மாறி, சட்டியிலிருந்து சோற்றுப் பானைக்கு மாறியது. அடுத்த நாள் பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திறீவீலில் வந்து இறங்கினார். அடித்த கிறீமின் நிறையில் பாலும் சேர்ந்திருக்கிறது என்று ஒரு கணக்கு ரீச்சருக்கு எப்படிச் சொல்வது? அவரே தொடங்கினார்: “கனடாவில எல்லாம் பெரிசு எண்டு சொல்லுவினம், நான் புடிங்கும் அப்பிடித்தானாக்கும் எண்டு நினைச்சிட்டன்.”

வெள்ளைத் தூள்

கொட்டாஞ்சேனையில் கமலா என்ற பெண்ணின் வீட்டில் மாதம் ஒரு வகுப்பு எடுத்தேன். அவள் ஹற்றன் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். ஒருநாள் பைக்கற்றுகள் பையில் இடம் பிடிக்கின்றன என்று எல்லாத் தூளையும் ஒரு பொலித்தீன் பையில் கொட்டி, வாயை முடிந்துகொண்டு பஸ் ஏறினேன். அந்த மூளை எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம், பையில் பெயரில்லாத வெள்ளைத் தூள், பக்கத்தில் கிறீம் அடிக்கிற, கைபிடி வைத்துச் சுற்றுகிற இரும்பு மெஷின். ஆமிக்காரன் பையைத் தூரத்தில் வைத்துவிட்டு சார்ஜனைக் கூப்பிட்டான். பஸ் போய்விட்டது. என்னைக் கொண்டுபோய்விட்டால் பின்னேரம் பூட்டின கதவுக்கு முன்னால் இவர் வந்து நிற்பாரே, நான் ஒவ்வொரு நாளும் படுகிற பாட்டை இன்றைக்கு அவர் படப்போகிறாரே என்பதுதான் மனதில் ஓடியது.

என் அரைகுறைச் சிங்களம் எடுபடவில்லை. கடைசியில் வகுப்புக்காகக் கொண்டுபோன குளிர்ந்த பாலை பிளாஸ்க்கிலிருந்து கோப்பையில் ஊற்றி, தூளைப் போட்டு, மணல் மூட்டைக்குப் பக்கத்தில் நின்று மெஷினைச் சுற்றினேன். சுற்றின வேகத்தில் கிறீம் வழக்கத்தைவிடச் சுறுக்காய் எழும்பியது. முதலில் என்னையே தின்னச் சொன்னார்கள். தின்றேன். பிறகு சார்ஜன் விரலால் தொட்டு நக்கி, சிங்களத்தில் தீர்ப்புச் சொன்னார்: “சீனி கொஞ்சம் கூட, நோனா.”

நஸீமா ராத்தாவின் பெட்டி

எங்கள் பிளட்டில் பெரிய உறைபெட்டி வைத்திருந்தது கீழ்மாடி நஸீமா ராத்தா மட்டும்தான். ராத்தா என்றால் முஸ்லிம் வீடுகளில் அக்கா. நானும் அப்படியே கூப்பிடுவேன். ஒரு நிச்சயதார்த்தத்துக்கு, பெண்ணின் தாய் தூள் வேண்டாம், டப்பாக் கிறீம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அலைந்து திரிந்து ஒரு கடையில் பிடித்து, ராத்தாவின் பெட்டியில் வைத்தேன். டப்பாக் கிறீம் பொல்லாதது. பாவிக்கிற அன்று சாதாரணக் குளிர்பெட்டியில் வைத்து மெல்ல இளக விடவேண்டும். ஒருமுறை இளகியதைத் திரும்ப உறையவைத்தால் தண்ணீர்தான் மிஞ்சும். அதுவும் மின்வெட்டுக் காலம். கறண்ட் இல்லாத நேரம் பெட்டியைத் திறக்கவே கூடாது.

அந்தப் பெட்டியில் முழு பிளட்டின் மீனும் இருந்தது. பெட்டி நின்ற இடத்திலிருந்து பார்த்தால் பஸ் நிற்கிற இடமும் நன்றாகத் தெரியும். கறண்ட் போன பின்னேரங்களில் இவரைக் காணவில்லை என்றால் கீழே இறங்கிப் போவேன். சும்மா வந்து நிற்க வெட்கமாய் இருக்கும். கிறீமைப் பார்க்க வந்தேன் என்று பெட்டியைத் திறந்து டப்பாவின் மூடியையும் ஒருதரம் கழற்றி மூடுவேன். நிச்சயதார்த்தம் முடிந்த அடுத்த நாள் பெண்ணின் தாய் வந்து, புடிங் நல்லம், ஆனால் அறுக்குளா மீன் மணக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் நேரே கீழே போய் மீனைத் திட்டினேன். ராத்தா சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு ஆறுதலாய்ச் சொன்னார்: “மீன்ல பிழ இல்ல. நீங்க றோட்டப் பாக்க வார நேரமெல்லாம் மூடியத் தொறந்தா அது என்னதான் செய்யும்?”

திரிந்த கிறீம்

ஒருநாள் காலை, இவர் வேலைக்குப் போன பிறகு யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குண்டு, கோட்டைப் பக்கம் என்று தெருவில் கதைத்தார்கள். ரெலிபோன் எடுபடவில்லை. கமலாவின் மகளுக்கு மறுநாள் பிறந்தநாள். அதற்குரிய புடிங் மேசையில் இருந்தது, கிறீம் மட்டும் அடிக்கவேண்டும். மெஷினைச் சுற்றத் தொடங்கினேன். கிறீம் கூராய் எழும்பி நின்றால் கையை எடுத்துவிடவேண்டும், மேலும் அடித்தால் திரிந்துபோகும் என்று வகுப்பில் வாய் ஓயாமல் சொல்லுகிறவள் நான். எழும்பி நின்றதையும் கண்டேன். நிறுத்தினால் பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் அடித்துக்கொண்டே இருந்தேன். குறுணி குறுணியாகித் தண்ணீர் விட்டது. அதைத் தள்ளிவைத்துவிட்டு இன்னொரு பைக்கற்றை உடைத்தேன். அதுவும் திரிந்தது. வீட்டிலிருந்த தூளெல்லாம் முடிந்தபிறகு வெறும் பாலைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

வெயில் சாயும் நேரம் இவர் வந்தார். கடற்கரைத் தண்டவாளம் வழியே நடந்தே வந்திருக்கிறார். சேட்டெல்லாம் தூசி, சப்பாத்து கையில். இவ்வளவு நேரமும் எங்கே நின்றீர்கள் என்று ஏசினேன். ஏசி முடித்த பிறகுதான் அழுகை வந்தது. அவர் மேசையடியில் உட்கார்ந்து, திரிந்த கிறீமைக் கரண்டியால் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். இனிப்பே தொடாத மனுசன்.

மறுநாள் காலை ரெலிபோன் அடித்தது. கமலா. பிள்ளையின் பிறந்தநாள், புடிங்குக்கு மேலே போட என்னிடம் ஒரு கரண்டி கிறீம் இல்லை. நான் வாயெடுக்கமுதல் அவள் கேட்டாள்: “கிறீமு கெடக்கட்டும் அக்கா, உங்க வீட்டுக்காரரு வந்துட்டாருங்களா?”

ஆகவே சகபாவிகளே, கிறீம் திரிந்த புடிங் ஒன்று உங்கள் மேசைக்கு வந்தால், செய்தவளுக்குக் கைப்பக்குவம் போதாது என்று சொல்லமுதல், அன்றைக்கு அவள் வீட்டில் யாராவது வரப் பிந்தினார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.