முருகேசன் இழுத்த எண்

இன்று காலை பாகூரில் என் நெல் மண்டிக்கு மெட்ராஸிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவர் ஸ்பிரிங் தராசோடு வந்தார். கைத் தசை எந்த மடக்கில் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று அளந்து, அந்த எண்களைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒரு கணக்குக் கை செய்வாராம்.

"அந்தக் கை மூட்ட தூக்குமா சார்?" என்றான் லோடுமேன் முருகேசன். எல்லோரும் சிரித்தோம்.

ஆளுக்கு மூன்று முறை இழுக்கச் சொன்னார். மூன்றாவது முறை முருகேசன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். மற்ற எல்லோரையும்விட அதிகம். "உச்ச பலம் கிடைச்சிடுச்சு" என்று மாணவர் சந்தோஷமாக எழுதிக்கொண்டு பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு முருகேசனால் சட்டை போட முடியவில்லை. வலது தோள் வீங்கிக் கிடந்தது.

"இன்னாடா இது?"

"ஒரு மாசமாவே வலி பாய். சொன்னா நிறுத்திடுவீங்க. ஆள் கழிக்கத்தான் அந்த சாரை இட்டாந்தீங்கன்னு நெனச்சேன்."

அவன் நினைத்ததில் தப்பில்லை. முதுகு பிடித்துக்கொண்ட ஏம்பலம் ஊர் லோடுமேனை மறுநாளே நிறுத்தியவன் நான்தான்.

தோளில் தசைநார் அறுந்துவிட்டது, இனி மூட்டை தூக்கவே கூடாது என்று மத்தியானம் கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சாக்கு தைக்க உட்கார வைக்கிறேன் என்றேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

மாணவருக்குக் கடிதம் எழுத வேண்டும். அந்த எண்ணில் தசை எவ்வளவு, என்மேல் இருந்த பயம் எவ்வளவு என்று பிரிக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.