கார் சீட்டிலிருந்து ஒரு பிடி ரோமம்

எங்கள் வீட்டுக்காரர் ஸ்கொட்லாந்தைக் கண்ணால் கண்டதில்லை. பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஓக்லாந்தில்தான். ஆனாலும் விக்டோரியா மகாராணி காலத்தில் அங்கே ஆடு மேய்த்த தன் பாட்டனாரின் வீட்டைப் பற்றி, நேற்றுத்தான் அதைப் பூட்டிக்கொண்டு வந்தவர்போலக் கதைப்பார். எண்பதுகளின் நடுவில், ஓக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில் அவருடைய வீட்டின் பின்பக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். எனக்கு எட்டு வயது. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல அம்மாவுக்குத் தமிழில் சொல்வது என் உத்தியோகம்.

பாட்டனாரின் வீடு ஒரே ஒரு அறை. அதற்குள் தாய் தகப்பன், ஏழு பிள்ளைகள், இரண்டு நாய்கள். கட்டில் சுவருக்குள் இருக்கும், அலுமாரிபோலக் கதவு வைத்து. காலையும் இரவும் ஓட்ஸ் கஞ்சி. ஆடுகள் குட்டி போடும் காலத்தில் பனி கொட்டும். விறைத்துப்போன குட்டிகளைத் தூக்கிவந்து அடுப்படியில் கிடத்திவிட்டு, அங்கே நித்திரையாய்க் கிடந்த பிள்ளைகளைத் தள்ளிப் படுக்கச் சொல்வார்களாம்.

“ஆட்டுக்குக் குடுத்த மரியாதை பிள்ளையளுக்கு இல்லைப்போல கிடக்கு,” என்பார் அம்மா. இதை மட்டும் நான் வீட்டுக்காரருக்கு ஆங்கிலத்தில் சொல்வதில்லை. வாடகைக்கு இருக்கிறோம் அல்லவா.

அந்த வருடம்தான் ஊரில் அப்பப்பா செத்துப்போனார். செய்தி வந்து சேருமுன்பே அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. அப்பா மூத்த மகன். கொள்ளி வைக்க வேண்டியவர். வைத்தது யாரோ தூரத்துச் சொந்தம். முன்பே தெரிந்திருந்தாலும் போயிருக்க முடியாது. எங்கள் விசா அலுவல் முடியவில்லை. வெளியே போனால் திரும்பி வர விடமாட்டார்கள். எல்லோரும் இதைத்தான் அப்பாவுக்குச் சொன்னார்கள். அது அவருக்கே தெரிந்ததுதான். தெரிந்து என்ன செய்ய? சாப்பாட்டைத் தொடவில்லை, வேலைக்குப் போகவில்லை. பின்படியில் இருந்துகொண்டு, “என்ர கையால நெருப்பு வைக்கேலாமப் போச்சு,” என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லி அழுதார்.

வீட்டுக்காரர் துக்கம் விசாரிக்க வந்தார். வந்த இடத்திலும் பாட்டனார் கதைதான்.

“இண்டைக்குமா?” என்றார் அம்மா, என் காதுக்குள்.

பாட்டனார் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ச்சுக்குப் போனதே இல்லையாம். மலையில் ஆடுகளை யாரிடம் விட்டுப் போவது? அதனால் அவர் செத்தபோது, பெட்டியை மூடுமுன் அவர் கைக்குள் ஒரு பிடி ஆட்டு ரோமத்தை வைத்தார்களாம். மேலே போனதும், ‘நீ ஏன் வரவில்லை?’ என்று கேட்பார்கள். கையைத் திறந்து காட்டினால் போதும். பாவம், வர வழியில்லாமல் போனவன் என்று விட்டுவிடுவார்களாம்.

சொல்லி முடித்தவர் எழுந்து போய், தன் காரின் ஆட்டுத்தோல் சீட் உறையிலிருந்து கொஞ்சம் பிய்த்து வந்து அப்பாவின் கையில் வைத்தார்.

“செத்த வீட்டில இதென்ன ஊத்தை? வெளியில எறியுங்கோ,” என்றார் அம்மா.

அப்பா எறியவில்லை. சட்டைப் பைக்குள் வைத்தார். அன்றைக்குக் கொஞ்சம் சோறும் சாப்பிட்டார்.

மறுநாள் காலை ஈஸ்ட் டாமாக்கியில் தான் வேலை செய்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குப் புறப்பட்டபோது, ரோமத்தை மறக்காமல் எடுத்து அன்றையச் சட்டையின் பைக்கு மாற்றிக்கொண்டார். எனக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. இத்தனை நாள் வேலைக்குப் போகாதவரைப் போர்மன் சும்மா விடுவாரா?

பின்னேரம் அப்பா வந்ததும் வாசலிலேயே மறித்தேன். “கேட்டவரா அப்பா?”

“ஆர்?”

“போர்மன். ஏன் வரேல்லை எண்டு.”

அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“இன்னும் கேக்கேல்லை,” என்றார். “கேட்டால் காட்டுவன்.”

போர்மன் நல்ல மனிதர்தான் என்று எண்ணிக்கொண்டு நான் விளையாடப் போனேன்.