சூசை எடுத்த ஆவுளியா

புதன்கிழமை காலை ஸ்டுடியோவைத் திறந்துகொண்டிருந்தேன்; உள்ளே போன் அடித்தது. புன்னக்காயலிலிருந்து லியோன். "அண்ணாச்சி, சூசை மச்சான் போயிட்டாரு." எந்தக் கடலில் என்றுதான் கேட்டேன். "கடல்ல இல்ல அண்ணாச்சி. ஏரல் பஜார்ல முடிவெட்ட உக்காந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு." என்ன அநியாயம் இது! மூச்சை அடக்கி ஆறு பாகம், முப்பத்தாறு அடி ஆழம் போய்வருகிற மனுஷனுக்கு சலூன் நாற்காலியிலா மூச்சு நிற்கும்? இப்போதும் என்னால் நம்ப முடியவில்லை.

சங்கு குளிக்கிற சூசை கேமராவோடும் கடலுக்குள் இறங்குவார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். லேத் பட்டறையில் செய்வித்த, தண்ணீர் புகாத பெட்டிக்குள் கேமரா. கறுப்பு வெள்ளை பிலிம் மட்டும்தான். கலர் போடச் சொல்லி நான் நச்சரித்தால், "கீழ போனா சிவப்பே கிடையாது வே. பாறை கிழிச்சா ரத்தமே கறுப்பாத்தான் தெரியுது. இல்லாத கலரை எங்கன போயி எடுக்க?" என்பார்.

குளிக்கிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் மேலே பிடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். தங்கச்சி தாலியை நினைத்தாவது கையை விடமாட்டான். சூசைக்கு லியோன் பிடித்தார். என்னிடம் பிலிமை நீட்டும்போதெல்லாம் சூசை சிரிப்பார்: "இந்தக் கயிறு உம்ம கையில வே."

ஆவுளியா என்று அவர்கள் சொல்லும் கடற்பசுவுக்காகப் பல வருஷம் காத்திருந்தார். தொண்ணூற்றாறு பங்குனியில், குட்டியோடு புல் மேய்ந்த ஒன்றை எடுத்தேவிட்டார். ஈரத் தலையோடு பஸ் ஏறி என் ஸ்டுடியோவுக்கு வந்தார். "பைய, பதனமாக் கழுவும் வே." நான் இருட்டறையில், படத்தை எழுப்பும் டெவலப்பருக்கு முன்னால், கடைசியில் ஊற்ற வேண்டிய ஹைப்போவை ஊற்றித் தொலைத்தேன். படமெல்லாம் அழிந்து, பிலிம் வெறும் கண்ணாடியாக வந்தது. "கேமரா ஷட்டர் திறக்கலை வே" என்று கூசாமல் சொன்னேன். அவர் பிலிமை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அடுத்த வாரம் வந்து, "ரிப்பேர் பாத்தாச்சு" என்றார். அதன்பிறகு அவருக்கு ஆவுளியா அகப்படவே இல்லை.

மூன்று வருஷம் எனக்கு உண்மை சொல்ல வாய் வரவில்லை. அடக்கம் முடிந்த பிறகு கல்லறைத் தோட்டத்தில் லியோனிடம் கொட்டிவிட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மச்சானுக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி. ஷட்டர் திறக்கலைன்னாலும் பிலிம் ஓரத்துல கம்பெனி நம்பர் தெரியணுமாமே? அதுவும் இல்லைன்னாரு. கேமராவ ரிப்பேருக்கே கொடுக்கல. 'அவருகிட்ட கேட்டுராதலே, மனுஷனுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிரும். பொறவு நமக்கு யாரு கழுவித் தருவா?'ன்னாரு."

லியோன்தான் என் தோளைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

சூசையின் நினைவாக என்னிடம் இருப்பது இரண்டு. ஒன்று, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கும் அந்த வெற்று பிலிம். இன்னொன்று, போன வாரம் அவர் கொடுத்துவிட்டுப் போன, இன்னும் கழுவாத ரோல். நான்கு நாளாக இருட்டறை வரை எடுத்துப் போய்த் திரும்பி வருகிறேன். கை நடுங்குகிறது.