வாயில் வெல்லத்தோடு ஊத்துக்குளிக்கு

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் ஒரு மார்கழி ஞாயிறு, விடிந்தும் விடியாத நேரம். திருப்பூரிலிருந்து ஊத்துக்குளி வரை நிற்காமல் ஓடிக் காட்டுகிறேன் என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். ஓடிவிட்டால் நெஞ்சில் கோளாறு ஒன்றுமில்லை, பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷினிலேயே இருப்பேன். நின்றுவிட்டால் பஞ்சு பறக்காத வேறு வேலைக்குப் போய்விட வேண்டும். அதுதான் பந்தயம். அவள் மொபெட்டில் தண்ணீர்ப் பாட்டிலோடு பின்னால் வந்தாள்.

முதலில் எல்லாம் கனவு மாதிரி இருந்தது. பனி, பனைகள், எங்கோ ஒரு மாட்டின் கழுத்துமணி. யாரோ கீழே ஓடிக்கொண்டிருந்தார்கள், நான் மேலே சும்மா மிதந்து வந்தேன். மிஷினுக்கடியில் துணி குழாயாக இறங்குமே, அப்படிச் சாலை என்னிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது.

பிறகு தொண்டை அரித்தது. எங்கள் கம்பெனியில் ஷிப்டு முடிந்ததும் ஆளுக்கொரு துண்டு வெல்லம் கடிப்போம். தொண்டையில் ஒட்டிய பஞ்சை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. அரிப்பா, பஞ்சுதான். பையிலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கன்னத்தில் அடக்கினேன். மறுபடி அரித்தது, இன்னொரு துண்டு. எச்சில் கெட்டியாயிற்று, மூச்சு அதில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. இருமி, குனிந்து, நின்றேவிட்டேன்.

"ஏனுங்க, வாய்ல என்னத்தப் போட்டுட்டு ஓடறீங்க?"

திறந்து காட்டினேன்.

"அட சாமி! ஓடறீங்களா, பாகு காய்ச்சறீங்களா? துப்புங்க மொதல்ல. நின்னுட்டீங்கல்ல, தோத்தாச்சுங்க."

"இது வெல்லத்தோட வேலை புள்ள. சேத்தி இல்ல."

"செரி, வெல்லமில்லாம ஓடுங்க. பாக்கலாம்."

வாய் கொப்பளித்துவிட்டு ஓடினேன். தொண்டை திறந்துகொண்டது. குளிர்காற்று அடிவயிறு வரை போய் வந்தது. என்ன சுகம்! வேகமெடுத்தேன். அப்போதுதான் கேட்டது. தொண்டையில் இல்லை, இன்னும் கீழே, விலாவுக்குப் பின்னால், ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பழிபோட இப்போது வெல்லம் இல்லை.

கால்கள் ஓடத் தயாராகத்தான் இருந்தன. மொபெட் இரைச்சலில் அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது. சொல்லாமலே ஓடிவிடலாம். கொஞ்ச தூரம் அந்த ஆசையோடுதான் ஓடினேன். பிறகு நின்றேன்.

"நல்லாத்தானுங்க ஓடுனீங்க. இப்ப எதுக்கு நின்னீங்க?"

"வண்டிய ஆஃப் பண்ணு. முதுகுல காது வெச்சுக் கேளு."

நனைந்த பனியன்மேல் அவள் கன்னம் சூடாகப் பட்டது. ரொம்ப நேரம் கேட்டாள். ஜெயித்தவள் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கே பேக்கிங்குக்கு மாத்தச் சொல்லிக் கேக்கறேன்" என்றேன்.

"மொதல்ல டாக்டருங்க" என்று சொல்லி, மொபெட்டைத் திருப்பினாள்.